மானைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய பக்கத்துப் பண்ணை அம்மையார் அவர்களுக்கும், தம் நாயோடு வந்து தடம் பிடித்துத் தந்த பெரியவருக்கும், எனக்கு வில் வேட்டை கற்பித்த ஆசிரியருக்கும், அன்றிரவு உடன் நின்ற தமிழ் நண்பர்களுக்கும் வணக்கம்.

நியூயார்க் மாநிலத்தின் டச்சஸ் கவுண்டியில், அக்டோபர் மாத வில் வேட்டைப் பருவத்தின்போது என் அம்பு பட்டு ஓடி மறைந்த வெண்வால் மான் ஒன்றை, தாங்கள் எல்லோரும் சேர்ந்து மறுநாள் காலையில் கண்டுபிடித்துக் கொடுத்தீர்கள். தங்கள் ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொல்லிவிட்டேன் என்றாலும், இதைப் பொதுவில் எழுத ஒரு காரணம் இருக்கிறது. செய்தி கேள்விப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் சில, "போன மான் போகட்டும் என்று விடாமல் எதற்கு இத்தனை பேரைத் தொந்தரவு செய்தீர்கள்?" என்று கேட்டன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்தவர்களுக்கு வேட்டை என்றாலே திருட்டு வேட்டைதான் நினைவுக்கு வரும். ஆகவே அவர்கள் கேட்டதில் தவறில்லை. ஓநாயும் மலைச்சிங்கமும் எப்போதோ அற்றுப்போன இந்த மாநிலத்தில், மான்களின் பெருக்கத்தை மட்டுப்படுத்த அரசே உரிமம் கொடுத்து வேட்டையை நடத்துகிறது. வில்லெடுக்க விரும்புகிறவர் அதற்கென்று தனிப் பயிற்சி வகுப்பை முடித்திருக்க வேண்டும். அந்த வகுப்பிலேயே சொல்லித் தரப்படுவது, அம்பு பட்ட விலங்கைத் தேடாமல் வீடு திரும்புகிறவன் வேட்டைக்காரன் அல்லன் என்பதுதான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மரப்பரணிலிருந்து ஏறக்குறைய 25 மீட்டர் தொலைவில் மான் பக்கவாட்டில் நின்றது. நொடிக்குச் சுமார் 85 மீட்டர் வேகத்தில் பாயும் அம்பு அந்தத் தொலைவைக் கடக்க நொடியில் பத்தில் மூன்று பங்கு வேண்டும். நாண் அதிரும் ஓசையோ அதில் கால் பங்கு நேரத்துக்குள் மானின் காதை எட்டிவிடும். ஓசை கேட்ட மான் பாய்வதற்காக உடலைத் தாழ்த்தித் திரும்ப, நுரையீரலை நோக்கிப் போன அம்பு ஒரு சாண் பின்னால் பட்டு ஊடுருவிச் சென்றது. இது வில்லோடு கூடப் பிறந்த அபாயம். எத்தனை ஆண்டு பழகினாலும் முழுவதும் நீங்காது. அதனால்தான் அம்புக்குப் பின் செய்ய வேண்டியதை அம்பைவிடப் பெரிதாக நினைக்கிறேன்.

ஆசிரியர் அவர்களுக்கு முதல் நன்றி. தொலைபேசியில் தாங்கள் சொன்னபடி, மண்ணில் குத்தி நின்ற அம்பை எடுத்து வெள்ளைக் காகிதத் துண்டால் துடைத்துப் பார்த்தேன். நுரையீரலில் பட்டிருந்தால் இரத்தம் இளஞ்சிவப்பாக, நுரைக் குமிழிகளோடு இருக்கும். இரைப்பையிலோ குடலிலோ பட்டிருந்தால் பச்சைக் கசடும் புளித்த வாடையும் இருக்கும். காகிதத்தில் படிந்ததோ, நாவற்பழச் சாற்றைப் போலக் கருத்த, நுரையற்ற இரத்தம். "கல்லீரல். அம்பு கிடந்த இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போங்கள்" என்றீர்கள். கல்லீரலில் அடிபட்ட மான், யாரும் துரத்தாவிட்டால், பெரும்பாலும் சில நூறு மீட்டருக்குள் படுத்து அங்கேயே உயிர் விடும். குறைந்தது 4 முதல் 6 மணி நேரம் பொறுக்க வேண்டும், குடலில் பட்டதென்றால் 8 முதல் 12 மணி நேரம். ஆள் வருவதை உணர்ந்து ஒருமுறை எழுந்துவிட்டால், இரத்தம் வெளியே சொட்டாமல் வெகுதூரம் ஓடி, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் நெடுநேரம் துடித்துச் சாகும்.

டார்ச்சும் கையுமாக வந்து சேர்ந்த நண்பர்களே, தாங்கள் செய்த பேருதவி காட்டுக்குள் கால் வைக்காமல் இருந்தது. வரிசையாக நின்று காட்டையே சலித்துவிடலாம் என்ற ஆர்வத்தோடு வந்த தங்களிடம், பத்து ஜோடிக் காலணிகள் இரத்தத்தை மிதித்து எல்லாத் திசையிலும் பரப்பிவிட்டால் நாய்க்கு மூலத்தடம் எதுவென்று பிரித்தறிவது கடினமாகிவிடும் என்று நான் சொன்னதும், முகம் சுளிக்காமல் வண்டிக்குத் திரும்பினீர்கள். புலால் உண்ணாத நண்பர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "வலியோடு ஓர் உயிர் கிடக்கிறது என்று தெரிந்தே வீட்டில் உட்கார்ந்திருப்பது எந்த அறம்?" துரத்தினால் அந்த வலி நீளும் என்ற விடை சரியானதுதான், ஆயினும் அன்றிரவு நரி போன்ற கொயோட்டிகள் ஊளையிட்டபோது அந்த விடையைச் சொல்லித் தேற்றிக்கொள்வது எளிதாக இல்லை. நண்பரே, தாங்கள் அந்தக் கேள்வியைக் கேட்டதற்கும், கேட்ட பிறகும் என் சமையலறையில் விடியும்வரை விழித்திருந்ததற்கும் சேர்த்தே நன்றி.

மான் ஓடிய திசை, "உள்ளே வராதீர்" என்று பலகை அடித்த பண்ணை அம்மையாரின் நிலத்தை நோக்கி இருந்தது. அடிபட்ட மானைத் தேடுவதற்கே ஆனாலும், உரிமையாளரின் அனுமதியின்றி அடுத்தவர் நிலத்தில் நுழையும் உரிமை இங்கே வேட்டைக்காரனுக்குக் கிடையாது. அம்மையார் அவர்களே, தங்கள் நிலத்தில் வேட்டைக்கு என்றும் இடம் கொடாத தாங்கள், இரவில் கதவைத் தட்டிய என்னை நிற்க வைத்துக் கேட்டது ஒன்றே ஒன்று: "கிடைக்காவிட்டால் எவ்வளவு நேரம் தேடுவாய்?" நாய் தடத்தை விடும்வரை என்றேன். மறுநாள் காலையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தாங்களே வந்து வேலிக் கதவைத் தூக்கித் திறந்து விட்டீர்கள். மறுத்திருந்தால் அது தங்கள் உரிமை. நான் ஒரு சொல்லும் சொல்லியிருக்க முடியாது.

நாயோடு வந்த பெரியவரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அடிபட்ட மானைக் கயிற்றில் பிடித்த நாயைக் கொண்டு தேடும் வழக்கம் ஜெர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகளில் பழையது. இம்மாநிலத்தில் அது 1970களின் நடுவில் ஆராய்ச்சி அனுமதியோடு தொடங்கி, 1986இல்தான் சட்டத்தில் இடம் பெற்றது. அதற்காகப் பாடுபட்ட 'டீர் சர்ச்' அமைப்பின் உறுப்பினர்கள் தேர்வெழுதி உரிமம் பெற்றவர்கள், கூலி வாங்காதவர்கள். பெரியவர் கொண்டு வந்தது முரட்டு மயிரும் குட்டைக் கால்களும் உடைய டாக்ஷண்ட் நாய். இரவில் தூறிய மழையால் தடம் அழிந்திருக்குமோ என்று நான் அஞ்சியபோது, "நமக்குத்தான் அழியும்" என்று சிரித்தார். இரத்த வாடை மட்டுமன்றி, மானின் குளம்புப் பிளவுக்கு நடுவே உள்ள சுரப்பி மண்ணில் விட்டுச் செல்லும் தனி வாடையையும் நாய் பின்பற்றுகிறது. ஆகவே வேறு மான்கள் குறுக்கே போயிருந்தாலும் பழகிய நாய் எளிதில் ஏமாறுவதில்லை.

பழைய கற்சுவர் ஒன்றின் அருகே நாய் வட்டமிட்டுத் தயங்கியது. பெரியவர் கயிற்றை இழுக்கவுமில்லை, ஏவவுமில்லை, நின்றார். நாய் வந்த வழியே சிறிது திரும்பி, மீண்டும் முகர்ந்து, சுவரைத் தாண்டியது. சுவருக்கு அப்பால், பார்பெரி முட்புதரில் முழங்கால் உயரத்தில் ஓர் இலையின் அடிப்புறம் காய்ந்த இரத்தம் மிளகளவு ஒட்டியிருந்தது. இலையைத் திருப்பிப் பார்த்திராவிட்டால் மனிதக் கண்ணுக்கு அது அகப்பட்டே இராது. அங்கிருந்து சற்றுத் தொலைவில், படுத்த இடத்திலேயே மான் விறைத்துக் கிடந்தது. எழுந்து ஓடிய அடையாளம் எதுவும் இல்லை. ஆசிரியர் சொன்னதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன். நாய் மானின் கழுத்து மயிரைக் கவ்வி இழுக்கப் பெரியவர் சிறிது நேரம் விட்டுவைத்தார். அதன் கூலி அதுதானாம். எனக்கு இத்தனைக்கும் நடுவே மனம் கனத்துத்தான் இருந்தது. மானின் நெற்றியில் கை வைத்துவிட்டுத்தான் உரிமச் சீட்டை நிரப்பினேன்.

இரவு நல்ல குளிர் என்பதால் இறைச்சி கெடவில்லை. விதிப்படி 7 நாட்களுக்குள் தர வேண்டிய வேட்டைக் கணக்கை அரசுக்குத் தெரிவித்துவிட்டேன். பெரியவர் பெட்ரோல் செலவைக்கூட ஏற்காததால், அவருடைய அமைப்புக்கு நன்கொடை அனுப்பியிருக்கிறேன். இறைச்சியில் பாதி, ஊர் இறைச்சிக்கடைக்காரர் வழியாக உணவு வங்கிக்குச் சென்றது. நன்கொடை என்றதும் வெட்டுக்கூலி வேண்டாமென்ற அவருக்கும் என் நன்றி உரியது.

அம்மையார் அவர்களே, இம்மடலின் ஆங்கில வடிவத்தைத் தங்கள் அஞ்சல் பெட்டியில் சேர்த்திருக்கிறேன். தங்கள் வேலிக் கதவு தரையில் இழுபடுவதை அன்றே கவனித்தேன். மேல் கீல் தேய்ந்திருக்கிறது. தாங்கள் சம்மதித்தால் வரும் சனிக்கிழமை புதுக் கீலோடு வந்து மாற்றித் தருகிறேன்.

நன்றியுடன்,
தங்கள் அயலான்