வரவேற்பறைக்குக் காட்டிய அக்கறையை வார்டுக்கும் காட்டுங்கள்: மருத்துவமனை நிர்வாகத்துக்கு ஒரு புகார்

அனுப்புநர்: உங்கள் எலும்பு சிகிச்சை வார்டில் இருந்த நோயாளி ஒருவரின் மகள்
பெறுநர்: நிர்வாக இயக்குநர்
பொருள்: நோயாளிகளுக்கும் உடனிருப்பவர்களுக்கும் வார்டில் அடிப்படை வசதி இல்லாதது குறித்து

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இடுப்பெலும்பு முறிந்த என் அப்பாவுக்கு உங்கள் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. சிகிச்சையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. டாக்டர் பொறுமையாக விளக்கினார். ராத்திரி டூட்டி நர்ஸுகள் உட்காரக்கூட நேரமில்லாமல் ஓடி ஓடிப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் புகார் என்று இந்தக் கடிதத்தை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் புகார் எல்லாம் கட்டிலைச் சுற்றி இருப்பவை பற்றியும் இல்லாதவை பற்றியும்தான்.

அப்பா கீழே விழுந்ததும் முதலில் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனையில்தான் சேர்த்தோம். அறுவைக்கு வேண்டிய கருவிகள் தங்களிடம் இல்லை என்று அவர்களே உங்களிடம் அனுப்பி வைத்தார்கள். இரண்டு இடத்திலும் அப்பாவோடு தங்கியதால் என்னால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது. உங்கள் கட்டடம் பெரியது, கருவிகள் புதியவை, வரவேற்பறையில் மெத்தை வைத்த சோபாக்கள், செடிகள், குளிர்சாதன வசதி எல்லாம் இருக்கின்றன. ஆனால் நோயாளி அங்கே இருப்பது சில நிமிடம். அவர் நாள்கணக்கில் படுத்திருக்கும் வார்டில், அந்தச் சின்ன மருத்துவமனையில் இருந்த வசதிகூட இல்லை.

முதலில் உடனிருப்பவர் உட்கார ஒரு இடம். நோயாளியுடன் ஒருவர் 24 மணி நேரமும் இருந்தே ஆக வேண்டும் என்பது உங்கள் விதி. சரி, அதில் நியாயம் இருக்கிறது. டிரிப்ஸ் முடிந்தால் நர்ஸைக் கூப்பிடுவது, தண்ணீர் கொடுப்பது, புரண்டு படுக்கப் பிடித்துக்கொள்வது என்று பாதி வேலை எங்கள் கையில்தான் இருக்கிறது. அப்படி இருக்கிறவருக்கு நீங்கள் கொடுத்திருப்பது முதுகு சாய இடமில்லாத ஒரு இரும்பு ஸ்டூல். எனக்கே இடுப்பு விட்டுப்போனது. எதிர்க் கட்டிலில் இருந்தவரைப் பார்த்துக்கொண்ட வயதான மனைவியின் பாடு இன்னும் மோசம். நள்ளிரவுக்கு மேல் முடியாமல் தரையில் துண்டை விரித்துப் படுத்தார். செக்யூரிட்டி வந்து, தரையில் படுக்க அனுமதி இல்லை என்று எழுப்பிவிட்டார். அந்த அம்மா மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து, கணவரின் கட்டில் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அதைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. முதலில் இருந்த மருத்துவமனையில் ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் ஒரு தாழ்வான பெஞ்சு இருந்தது. ராத்திரி இழுத்துப் போட்டுக்கொள்ளலாம், காலையில் உள்ளே தள்ளிவிடலாம். அதற்குத் தனியாக இடம்கூடத் தேவைப்படவில்லை.

அடுத்தது தூக்கம். இதை நான் சௌகரியப் பிரச்சினையாகச் சொல்லவில்லை, மருத்துவப் பிரச்சினையாகவே சொல்கிறேன். அறுவை முடிந்த மறுநாள் ராத்திரி அப்பாவுக்கு நிதானம் தவறிவிட்டது. வேலையில் இருந்து ஓய்வு பெற்று எவ்வளவோ காலம் ஆகியும், ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கப் பார்த்தார். என்னை யார் என்று கேட்டார். இடுப்பு அறுவைக்குப் பிறகு வயதானவர்களுக்கு இப்படிக் குழப்பம் வருவது உண்டு என்று டாக்டர் தைரியம் சொன்னார். ஆனால் அதைக் கூட்டுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் உங்கள் வார்டில் இருந்தது. விளக்குகளை விடியும்வரை அணைக்கவே இல்லை. குப்பை வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே நள்ளிரவில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகும். விடிவதற்கு வெகு முன்னாலேயே தரை துடைக்க வந்துவிடுவார்கள். சுவரில் ஒரு கடிகாரம் கிடையாது. தியேட்டருக்குக் கொண்டுபோகும்போது வாங்கி வைத்த மூக்குக்கண்ணாடியும் காது மெஷினும் நாங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, மறுநாள் மாலைதான் கைக்கு வந்தன. கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் பகலா இரவா என்றும் புரியாமல் கிடந்தால் யாருக்குத்தான் குழம்பாது?

இது என் சொந்தக் கருத்து இல்லை. சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்கும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு இந்தக் குழப்ப நிலை பற்றி 2010-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. நோயாளியின் கண்ணில் படும்படி கடிகாரமும் காலண்டரும் இருக்க வேண்டும், தூங்கும் நேரத்தில் சத்தத்தைக் குறைக்க வேண்டும், கூடிய மட்டும் அந்த நேரத்தில் பரிசோதனை, சிகிச்சை என்று எழுப்பக் கூடாது, குடும்பத்தினர் வந்து போக வழிசெய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே இரவில் வார்டுக்குள் சராசரி ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. சாதாரணமாக இரண்டு பேர் பேசிக்கொள்வதே 60 டெசிபல் அளவுக்கு வரும். நர்ஸுகளின் மேஜை கட்டில்களுக்கு நேர் எதிரே, நடுவில் ஒரு கதவுகூட இல்லாமல் இருந்தால் அமைதி எப்படிக் கிடைக்கும்?

ஜன்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவுக்குக் கிடைத்தது ஜன்னலோரக் கட்டில்தான். ஆனால் வெளிச்சுவர் முழுக்க உங்கள் மருத்துவமனையின் விளம்பரத்தை ஒட்டியிருக்கிறீர்கள். அந்தப் பிளாஸ்டிக் படலம் ஜன்னல் கண்ணாடியையும் சேர்த்து மூடிவிட்டது. உள்ளே இருந்து பார்த்தால் பொடிப் பொடி ஓட்டைகள் போட்ட சாம்பல் நிறத் திரைதான் தெரிகிறது. ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர், அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ஒப்பிட்டு 1984-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர்களைவிட சராசரியாக முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. உங்கள் வளாகத்தில் நல்ல மரங்கள் இருக்கின்றன. அவற்றை நோயாளிகளின் கண்ணிலிருந்து நீங்களே மறைத்து வைத்திருக்கிறீர்கள்.

எலும்பு முறிந்தவர்களுக்கான வார்டில் கழிப்பறை எப்படி இருக்க வேண்டும்? உங்கள் கழிப்பறையில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இல்லை. வாசலில் ஒரு படி இருக்கிறது, வாக்கரை அதற்கு மேல் தூக்கி வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். கதவு உள்பக்கமாகத் திறப்பதால் வாக்கரோடு நுழைந்தவரால் அதைச் சாத்தவும் முடியாது. ஒரு முறை விழுந்து எலும்பை முறித்துக்கொண்டு வந்தவர் மறுபடி விழுவதற்கு எல்லாம் தயாராக இருக்கிறது. நர்ஸைக் கூப்பிடும் பெல்லும் தலைமாட்டுச் சுவரில், படுத்திருப்பவருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

ஐசியூ வாசலில் காத்திருப்பவர்களுக்கும் ஒரு வழி செய்யுங்கள். மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அங்கே இல்லாமல் போய்விடுவோமோ என்ற பயத்தில் கழிப்பறைக்குக்கூட எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். தினமும் குறித்த நேரத்தில் ஒருவர் வெளியே வந்து நிலைமையைச் சொன்னாலே போதும். அந்தச் சின்ன மருத்துவமனையில் அப்படித்தான் செய்தார்கள்.

டிஸ்சார்ஜ் அன்று பில்லோடு ஒரு கருத்துப் படிவமும் தந்தீர்கள். வரவேற்பு எப்படி, பில் போட எவ்வளவு நேரம் ஆனது என்று கேட்டிருந்தீர்கள். தூங்க முடிந்ததா என்று ஒரு கேள்வி இல்லை. அமெரிக்காவில் 2006 முதல் நடக்கும் நாடு தழுவிய நோயாளர் கணக்கெடுப்பில், இரவில் அறையைச் சுற்றி அமைதி இருந்ததா என்று கேட்கிறார்கள். மருத்துவமனைவாரியாக முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடவும் செய்கிறார்கள். இங்கிலாந்தில் 2013 முதல் வார்டுகளைப் பார்வையிட்டு மதிப்பிடும் குழுவில் நோயாளிகளின் தரப்பிலிருந்தும் ஆட்கள் இருக்கிறார்கள். நீங்களும் உங்கள் வார்டில் ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள், அல்லது தங்கியவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

வார்டு பொறுப்பாளரிடம் இதையெல்லாம் அப்போதே சொன்னேன். இது மேலிடத்து முடிவு என்றார். அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். எலும்பு வார்டுக் கழிப்பறைகளில் கைப்பிடி வைப்பதையும், அந்தப் படியைச் சரிவாக மாற்றுவதையும் தள்ளிப்போடாதீர்கள், அவை உயிர்ப் பிரச்சினை. பெல்லின் கயிற்றை நீட்டுவது, கடிகாரம் மாட்டுவது, கண்ணாடியையும் காது மெஷினையும் அறுவை முடிந்ததும் திருப்பித் தருவது, இரவில் பெரிய விளக்குகளை அணைப்பது, ஜன்னல்மேல் உள்ள படலத்தைக் கிழிப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது. உடனிருப்பவருக்குப் படுக்கும் பெஞ்சு எப்போது வரும் என்று தேதி குறிப்பிட்டு எழுத்துமூலம் பதில் தாருங்கள். அப்பாவை மறுபரிசோதனைக்கு உங்களிடம்தான் அழைத்து வரப்போகிறேன். அன்று வார்டுக்கும் போய்ப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்