கலியாண வீடியோவை வட்ஸ்அப்பில் நசுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கோண்டாவிலில் கலியாண வீடு, சாமத்திய வீட்டு வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பவன் நான். ஆவணி முகூர்த்தங்கள் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் போனும் கையுமாக மணவறையைச் சுற்றி நிற்பார்கள். எங்கள் கமராவுக்குக் கிடைக்காத கோணம் பல நேரம் அவர்களிடம்தான் இருக்கும்.

ஆனால் அதை வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பிவிடுகிறார்கள். போனில் பார்க்க ஒன்றும் தெரியாது. பெரிய திரையில் போட்டால் கூறைச் சேலையின் சரிகை கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். சுருக்கும்போது போன விபரம் போனதுதான். அதே வட்ஸ்அப்பில் 'டொக்கியுமென்ட்' ஆக இணைத்தால் 2 ஜிபி வரையான பைல் அப்படியே வந்து சேரும்.

"எம்பி4 தானே, ஏன் திறக்கவில்லை?" என்று கேட்பவர்களும் உண்டு. எம்பி4 வெறும் பெட்டி. உள்ளே வீடியோவைச் சுருக்கிய முறை எச்.264 ஆகவும் இருக்கலாம், அதற்குப் பிறகு வந்த எச்.265 ஆகவும் இருக்கலாம். 2017 இல் வந்த ஐஓஎஸ் 11 தொடக்கம் புதிய ஐபோன்கள் வழக்கமாக எச்.265 இல்தான் பதிவு செய்கின்றன. இடம் மிச்சம், சரி. பழைய கொம்பியூட்டரில் அது திக்கித் திணறும். சிலதில் சத்தம் மட்டும் வரும். பைல் பெயரின் வாலை (.mp4 போன்றதை) மாற்றினால் உள்ளே எதுவும் மாறாது. படம் எடுக்க முன்னரே ஐபோன் செட்டிங்ஸில் கமரா, ஃபோர்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கொம்பாட்டிபிள்' ஐத் தெரிவு செய்துவிடுங்கள்; எச்.264 இல் பதிவாகும்.

எனக்கு மிகவும் மனம் நோகிற விஷயம் சத்தம் படத்தோடு ஒட்டாமல் விலகுவது. மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தால் பல போன்கள் செக்கனுக்கு எடுக்கும் பிரேம்களை, அதாவது தனிப்படங்களை, தாமாகவே குறைத்துவிடும். வேகம் ஒரே சீர் என்று நம்பும் எடிட்டிங் மென்பொருளில் நீண்ட கிளிப் போகப்போகப் பிசகும். கெட்டிமேளம் முழங்கி ஓய்ந்த பிறகு மாப்பிள்ளையின் கை தாலியோடு உயரும். ஒரு குடும்பம் காலம் முழுக்கப் பார்க்கப் போகிற காட்சி அது! ஹான்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் பிரேம் வேகத்தைச் சீராக்கிய பிறகே நான் வேலையைத் தொடங்குவேன். அதற்கும் மூலப் பைல்தான் வேண்டும்.

ஆகவே விமானம் ஏற முன்னர் மூலப் பைல்களை ஒரு பென் டிரைவில் ஏற்றி ஸ்டூடியோவில் கொடுத்துவிட்டுப் போங்கள். பிறகு கேட்டால், போனில் இடமில்லை, அழித்துவிட்டோம் என்கிறார்கள். ஃபாட்32 என்ற பழைய முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட பைல் ஏறாது. எக்ஸ்ஃபாட் என்ற முறையில் ஃபோர்மட் செய்துவிட்டு ஏற்றுங்கள்.

வீடியோ எடிட்டர் ஒருவர்,
கோண்டாவில்.