அடிமை வணிகம் 1619-இல் தொடங்கவில்லை

ஆசிரியருக்கு,

அடிமை வணிக நினைவு நாளான ஆகஸ்ட் 23-ஐ ஒட்டித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 1619-இல் வர்ஜீனியாவில் இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்களிலிருந்து வரலாற்றைத் தொடங்குகிறது. அதற்கு 175 ஆண்டுகளுக்கு முன்பே, 1444-இல், போர்ச்சுகலின் லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர்களை இறக்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகீசியர் வசமிருந்த மதெய்ரா, சாவோ தோமே தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளை வைத்து வேலை வாங்கிப் பழகிய முறைதான் பிறகு பிரேசிலுக்குப் போனது. எண்ணிக்கையிலும் கட்டுரை அமெரிக்காவைத் தாண்டவில்லை. கப்பலேற்றப்பட்ட சுமார் 1.25 கோடிப் பேரில் ஏறத்தாழ 18 லட்சம் பேர் கடலிலேயே மாண்டார்கள். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேரடியாக வந்து சேர்ந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலுக்கு மட்டும் 48 லட்சத்துக்கு மேல். ஹாலிவுட் படங்கள் பார்த்துப் பழகியதாலோ என்னவோ, நம் கண்ணில் பருத்தித் தோட்டம்தான் நிற்கிறது. ஆளை அதிகம் விழுங்கியது கரும்பு.

நான் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு நடத்துபவன். எந்த நாட்டுக்கு அதிகம் பேரைக் கொண்டுபோனார்கள் என்று கேட்டால், வகுப்பே 'அமெரிக்கா' என்கிறது. சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளையும் கொடுத்துத்தான் ஐரோப்பியர் மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கினார்கள் என்று சொன்ன பிறகே பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். அடுத்த ஆண்டு இதே நாளில், கப்பல் வழிகளைக் காட்டும் ஒரு வரைபடத்தையும், 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிரேசிலின் ரியோ நகரில் ஆப்பிரிக்க அடிமைகளை இறக்கிய வலோங்கோ துறை பற்றிய ஒரு குறிப்பையும் சேர்த்து வெளியிடலாம்.

— வாசகர், திருச்சி