மூன்று கம்பிகள் ஃபோமில் நின்றுவிட்டன

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஓடிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. பட்டறை முழுக்க மரத்தூள், விரல்களில் காய்ந்த பசை. இந்தக் கையோடு பேனாவைத் தொட்டால் பேனாவும் ஒட்டிக்கொள்ளும். மூக்குக் கண்ணாடியை மாற்றிவிட்டேன். பாய்க்கயிற்றில் போடும் முடிச்சு மறுபடி கண்ணுக்குத் தெரிகிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நீ செய்துவந்த மாடல் இழுவைப் படகு முடிந்துவிட்டது என்று படித்ததும் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். நான்கு வருட வேலை அல்லவா! அதைப் போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுபோகலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். பெட்டி செய். ஆனால் நான் முதலில் செய்த பெட்டியைப் போலச் செய்துவிடாதே.

அந்தப் பெட்டியைப் பார்த்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். உள்ளே எல்லாப் பக்கமும் கெட்டியான ஃபோம்; படகு மெத்தையில் புதைந்த மாதிரி உட்கார்ந்தது. ஏரிக்கரையில் படகை வெளியே தூக்கினேன். மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பிகளில் மூன்று மட்டும் ஃபோமிலேயே குத்தி நின்றன. வழியில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் படகு தன் எடையோடு பக்கவாட்டில் சாய்ந்து, அந்த மெல்லிய பித்தளைக் கம்பிகள் மேல் அழுத்தியிருக்கிறது. ஃபோம் மெத்தென்று இருந்து என்ன பயன்? தொடக்கூடாத இடத்தைத் தொட்டுவிட்டதே.

அதன் பிறகு அடிப்பாகத்தை மட்டும்தான் பிடிக்க விடுகிறேன். உள்ளே குறுக்குச்சட்டம் இருக்கும் இரண்டு இடங்களைப் பார்த்துக்கொள். அங்கேதான் படகின் உடல் அழுத்தம் தாங்கும். அந்த இடத்தின் வளைவை முதலில் அட்டையில் வெட்டு. ஒரே வெட்டில் சரியாக வராது. வைத்துப் பார், உரசும் இடத்தில் பென்சிலால் குறி, ஒரு நூல் அளவு சீவு, மறுபடி வை. ஐந்தாறு தடவைக்குப் பிறகு, வெளிச்சம் எங்கும் கசியாமல் அட்டை படகோடு ஒட்டி நிற்கும். அதைப் பலகைக்கு மாற்றி அறுத்தால் அதுதான் படகு உட்காரும் தாங்கி. அறுக்கும்போது, அதன் மேல் ஒட்டப்போகும் ஃபெல்ட் துணியின் தடிமனைக் கழிக்க மறந்துவிடாதே. நான் மறந்தேன். தாங்கி இறுகிப் பெயின்டில் கோடு விழுந்தது.

சுக்கானும் புரொப்பெல்லரும் அந்தரத்தில் நிற்க வேண்டும். தாங்கிக்கு மேலே, தளத்தின் உறுதியான இடத்தில் ஒரு அகலமான பட்டையைப் போட்டுக் கட்டினால் போதும். இறுக்கிக் கட்டாதே; தூக்கிப் பார்த்தால் நகராத அளவுக்கு மட்டும்.

மேல்மூடி வைத்த பெட்டி எனக்குப் பிடிப்பதில்லை. பாய்மரத்தோடு படகைச் செங்குத்தாகத் தூக்கும்போது ஏதாவது ஒரு கயிறு விளிம்பில் மாட்டும். அதற்குப் பதில் நீளவாக்கில் ஒரு பக்கத்தைக் கதவாக்கு. தாங்கி நிற்கும் அடிப்பலகையே இழுப்பறை போல வெளியே வரட்டும். உள்ளே தள்ளியதும் ஒரு மர ஆப்பு செருகினால் அசையாது.

பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 120 செ.மீ. நீளம், 40 அகலம், 50 உயரம் என்று வைத்துக்கொண்டால் ஆறு பக்கமும் சேர்த்து இரண்டரை சதுர மீட்டருக்குச் சற்று மேல். 6 மி.மீ. பிளைவுட்டில் அது சுமார் 10 கிலோ. 12 மி.மீ. எடுத்தால் 20 கிலோ. படகு ஏறும் முன்பே இடுப்பு போய்விடும். மெல்லிய பலகையை எடுத்து, மூலைகளில் உள்ளே சதுரச் சட்டம் வைத்துப் பசையும் திருகாணியும் போடு. சட்டம் பிளக்காமலிருக்க முதலில் சின்னத் துளை போட்டுக்கொள்.

‘ஒரு மீட்டர்’ என்ற மாடல் படகுப் போட்டி வகுப்பில் ஓடும் என் பாய்ப்படகுக்கு வேறு தலைவலி. அந்த வகுப்பில் நீளம் 1000 மி.மீ. வரைதான், நீருக்குள் இறங்கும் ஆழம் 420 மி.மீ. வரைதான். எல்லையைத் தொட்டுத்தான் எல்லாரும் கட்டுவார்கள். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் அடித்துடுப்பும் அதன் நுனி ஈயக்குண்டும் தனியாகக் கழன்று வருவதால் அவற்றுக்குத் தனி அறை வைத்துவிட்டேன். பெட்டி உயரம் பாதியானது.

அப்புறம், சிரிக்காதே. இரண்டாவது பெட்டிக்குக் கார் டிக்கியின் உள்ளளவை மிக நேர்த்தியாக எடுத்தேன். டிக்கியின் வாயை அளக்கவில்லை. பெட்டி மூன்று செ.மீ. அதிகம். உள்ளே இடம் இருந்தது, போக வழிதான் இல்லை.

கைப்பிடியை நடுவில் வைக்காதே. எடை விழும் இடம் அதுவல்ல. படகை உள்ளே வைத்து, பெட்டியை ஓர் உருளைக் கம்பி மேல் நகர்த்திப் பார். சமன்படும் கோட்டில் கைப்பிடியை வை. பேட்டரியைக் கழற்றித் தனியே கொண்டுபோவாய் என்பதால், அது இல்லாமலே சமன் பார். வெளியில் முன்பக்கம் எது என்று அம்புக்குறியும் போட்டுவிடு. உதவிக்கு வருபவர்களுக்கு அது தெரியாது.

ஈரப் படகைப் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இரு முனையிலும் சில துளைகள் விடு. ஓக் மரம் மிச்சம் கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். வேறு எதற்காவது வைத்துக்கொள். அதிலிருந்து வரும் அசெட்டிக் அமில ஆவி ஈயத்தை மெல்ல அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். உன் நங்கூரங்கள் ஈயத்தில் வார்த்தவைதானே?

அட்டை வளைவுகளை வெட்டியதும் அப்படியே சுருட்டி எனக்கு அனுப்பு. தாங்கிகளை நான் அறுத்துத் தருகிறேன். புகைபோக்கி உச்சிவரை உயரத்தையும் எழுது. காரின் வாயையும் அளந்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி