ரோமி ஷ்னைடரின் இரண்டாவது மொழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு நடிகர் அலென் தெலோன் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், தெலோனைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் அதில் ரோமி ஷ்னைடருக்குக் கிடைத்த இடம் மொத்தமே இரண்டு வரி. 'சிசி' படங்களில் ஆஸ்திரிய மகாராணி எலிசபெத்தாக நடித்த அழகி, தெலோனின் முன்னாள் காதலி, அவ்வளவுதான். பக்கத்தில் பதினேழு வயது முகத்தோடு, கிரீடமும் வெள்ளை கவுனுமாக ஒரு படம். அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோமி 1938 செப்டம்பரில் வியன்னாவில் பிறந்தவர். ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கி அப்போது ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அம்மா மாக்டா ஷ்னைடர் அன்றைய ஜெர்மன் சினிமாவின் நட்சத்திரம், அப்பா வோல்ஃப் அல்பாக்-ரெட்டியும் நடிகர், அப்பாவைப் பெற்ற பாட்டி ரோசா வியன்னாவின் புகழ்பெற்ற புர்க் நாடக அரங்கில் நடித்தவர். ஆக நடிப்பு வீட்டுச் சொத்து. 15 வயதில் அம்மாவோடு முதல் படம். அப்புறம் 1955, 56, 57 என்று வருஷத்துக்கு ஒரு 'சிசி', மூன்றிலும் படத்து அம்மாவும் சொந்த அம்மாதான். போரில் நொறுங்கிப்போயிருந்த ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அந்தப் பெண்ணைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே தூக்கி வைத்துக்கொண்டாடின. நான்காவது 'சிசி'க்குப் பத்து லட்சம் மார்க் தருகிறோம் என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டார். இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண், வீட்டாரும் தயாரிப்பாளர்களும் ஒரு பக்கம் நிற்க, தனியாக மறுபக்கம் நின்று சொன்ன 'முடியாது' அது. உங்கள் கட்டுரை அந்தப் படங்களோடு அவரை நிறுத்திவிட்டது. அவரோ அங்கிருந்துதான் கிளம்பினார்.

1958இல் 'கிறிஸ்டின்' படத்தில் தெலோனோடு நடிக்கிறார். 1933இல் அம்மா நடித்த அதே கதை, இப்போது பிரெஞ்சில். தெலோனுக்கு ஜெர்மன் தெரியாது, ரோமிக்கு பிரெஞ்சு தெரியாது. காதல் பிறந்தது, பாரிசுக்குப் போனார், இதையெல்லாம் நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். எழுதாமல் விட்டது அதற்குப் பிறகு நடந்ததை. ஜெர்மன் பத்திரிகைகள் அவரை ஓடிப்போனவள் போலவும் துரோகி போலவும் எழுதின. பிரெஞ்சு சினிமாவுக்கோ இந்த ஆஸ்திரியப் பெண்ணை வைத்து என்ன செய்வது என்றே தெரியவில்லை. தெலோன் ஒவ்வொரு படமாக மேலே ஏறிக்கொண்டிருந்தார், இவர் வீட்டில் இருந்தார். பிறந்த மொழியில் பெரிய நட்சத்திரம், வந்து சேர்ந்த மொழியில் வாயைத் திறக்கவே தயங்கும் புதுமுகம். இதைவிடத் தனிமையான இடம் ஒரு நடிகருக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அங்கேதான் இத்தாலிய இயக்குநர் லுகினோ விஸ்கோன்தி வருகிறார். 1961இல் பாரிஸ் மேடையில் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில நாடகம் ஒன்றை பிரெஞ்சில் போட்டார், தெலோனும் ரோமியும் அண்ணன் தங்கையாக. ரோமி அதற்கு முன் மேடை ஏறியதே இல்லை. இதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். சினிமாவில் மொழி தடுமாறினால் இன்னொரு டேக் இருக்கிறது, அதுவும் சரிவராவிட்டால் டப்பிங் இருக்கிறது. மேடையில் எதுவும் இல்லை. எதிரே பாரிஸ் ரசிகர்கள், தங்கள் மொழியில் ஒரு உயிரெழுத்து பிசகினாலும் காதில் முள் குத்தியதுபோல முகம் சுளிப்பவர்கள். முதல் நாள் நெருங்கும்போது குடல்வால் அழற்சி வேறு வந்து, அறுவை சிகிச்சை செய்து, தேதியைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. எழுந்து வந்து நடித்தார். ஒரு நாள் இரண்டு நாள் கூத்து இல்லை, மாதக்கணக்கில் ஓடியது. ரோமி ஷ்னைடர் என்று உலகம் பின்னால் கொண்டாடிய நடிகை பிறந்தது அந்த மேடையில்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதன் பிறகு விஸ்கோன்தியே படத்துக்கு அழைத்தார், அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் அழைத்தார், ஆங்கிலத்திலும் நடித்தார். ஹாலிவுட் ஒத்துவரவில்லை, அதை விடுங்கள். 1963இல் தெலோன் பிரிந்துபோனார்.

ஐந்து வருஷம் கழித்து 'லா பிசீன்', அதாவது நீச்சல் குளம். அந்தப் பாத்திரத்துக்கு ரோமிதான் வேண்டும் என்று தெலோன் ஒற்றைக்காலில் நின்றார். அந்தப் பெருமை அவருக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய திருப்பம் அந்தப் படத்தின் டப்பிங் வேலை நடந்த ஒலிப்பதிவுக் கூடத்தில். அங்கே ரோமியைப் பார்த்தார் இயக்குநர் க்ளோத் சோத்தே. உடனே தன் அடுத்த படத்தில் கதாநாயகி ஆக்கினார். 1970இல் வந்த அந்தப் படம் 'லே ஷோஸ் த லா வி', வாழ்க்கையின் சங்கதிகள் என்று சொல்லலாம்.

அந்தப் படத்தில் ஒரு காலை நேரக் காட்சி. ரோமி மேசை முன் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார். உடம்பில் சுற்றிய துண்டு, மேலே தூக்கிக் கட்டிய முடி, மூக்கில் கண்ணாடி. பின்னால் படுக்கையிலிருந்து, காதலனாக நடிக்கும் மிஷெல் பிக்கோலி அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ரோமியின் பாத்திரம் ஒரு மொழிபெயர்ப்பாளர். வேலைக்கு நடுவில் ஒரு சொல் அகப்படவில்லை, பிக்கோலியிடம் கேட்கிறார், அவர் எடுத்துக் கொடுக்கிறார், விரல்கள் மறுபடி ஓடுகின்றன. நடப்பது இவ்வளவுதான். எனக்கு பிரெஞ்சு தெரியாது, சப்டைட்டிலோடுதான் முதலில் பார்த்தேன், அழகான காதல் காட்சி என்று மட்டும் நினைத்தேன். பிரெஞ்சு தெரிந்த நண்பர் ஒருவர் "எழுத்தைப் பார்க்காதே, குரலைக் கேள்" என்றார். கேட்டேன். பிக்கோலியின் பேச்சு தண்ணீர் போல ஓடுகிறது, ரோமியின் பேச்சு அங்கங்கே மெல்லிதாகத் தட்டி நிற்கிறது. உச்சரிப்பில் ஒட்டியிருந்த அந்த ஜெர்மன் வாடையை சோத்தே துடைத்து எடுக்கவில்லை. அதற்கென்றே வேற்றுமொழிக்காரி ஒருத்தியைப் படைத்து, காதலனிடம் ஒரு சொல்லைக் கடன் கேட்க வைத்திருக்கிறார். ஒன்பது வருஷம் முன்னால் எந்த வாடைக்காக ரோமி பயந்து பயந்து பாடம் படித்தாரோ, அதுவே இப்போது நடிப்பின் கருவி. அதன் பிறகு சோத்தேயோடு மேலும் நான்கு படங்கள்.

இன்னும் ஆழமாகப் பார்த்தால், அந்த வாடைக்கு வரலாறும் இருக்கிறது. போர் முடிந்து முப்பது வருஷம்கூட ஆகாத பிரான்சில், ஜெர்மன் வாடையோடு பேசுவது சாதாரண விஷயம் இல்லை. ரோமி அதிலிருந்து தப்பிக்கவில்லை. அவர் அம்மா ஹிட்லரின் மலை வீட்டுக்கு விருந்தாளியாகப் போய்வந்தவர், மகளுக்கு அது தீராத உறுத்தல். தன் பிள்ளைகளுக்கு டேவிட், சாரா என்று யூதப் பெயர்களை வைத்தார். 1973இல் 'லு த்ரேன்' படத்தில், நாஜிகளிடமிருந்து தப்பி பிரெஞ்சு அகதிகளோடு ரயிலில் ஒண்டிக்கொள்ளும் ஜெர்மன் யூதப் பெண்ணாக நடித்தார். அதே காலத்தில்தான் விஸ்கோன்தியின் 'லூட்விக்' படத்தில் மறுபடியும் மகாராணி எலிசபெத் ஆனார், இந்த முறை சர்க்கரைப் பாகு இல்லாமல். பவேரிய மன்னர் லூட்விக் கட்டிய அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில், ஆளில்லாத அந்தப் பகட்டைப் பார்த்து வெடித்துச் சிரிப்பாரே, அந்த ஒரு சிரிப்பு மூன்று 'சிசி' படங்களுக்கும் சேர்த்து அவர் சொன்ன பதில் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பிரான்சின் தேசியத் திரைப்பட விருதான சேசார் 1976இல் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது, சிறந்த நடிகை யார் தெரியுமா? வியன்னாவில் பிறந்த இவர்தான். 1979இல் இரண்டாம் முறையும் வாங்கினார். இந்தத் தகவலாவது கட்டுரையில் இருந்திருக்க வேண்டாமா?

கடைசிக் காலத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் இல்லை. 1981 ஜூலையில் 14 வயது மகன் டேவிட் விபத்தில் இறந்தான். புகைப்படக்காரர்கள் மருத்துவமனைப் பணியாளர் வேஷத்தில் நுழைந்து இறந்த பிள்ளையைப் படமெடுத்தார்கள் என்று ரோமியே தொலைக்காட்சியில் சொன்னார். அந்தத் துக்கத்தோடு சில மாதங்களில் கடைசிப் படத்தின் படப்பிடிப்புக்குப் போனார், அதில் நாஜிகளுக்குத் தப்பி பாரிசில் வாழும் பெண் வேடம். உணவு விடுதியில் ஒரு சிறுவன் அவருக்காக வயலின் வாசிக்கிறான், அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், கண் நிறைகிறது. அதற்கு மேல் பார்க்க என்னால் முடியவில்லை, நிறுத்திவிட்டு மறுநாள்தான் மீதியைப் பார்த்தேன். படம் 1982 ஏப்ரலில் வந்தது. மே 29 அன்று பாரிஸ் வீட்டில் ரோமி இறந்துகிடந்தார், வயது 43.

ஆசிரியர் அவர்களே, உங்கள் கட்டுரையாளரைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. காதல் கதை எழுதச் சுலபம், படிக்கவும் ஆள் உண்டு, அது எனக்கும் தெரியும். என் வேண்டுகோள் ஒன்றுதான். ரோமி பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள், அரைப் பக்கமானாலும் போதும். அதோடு அந்தக் கிரீடம் வைத்த படத்தைப் போடாதீர்கள். தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கும் படம் எளிதில் கிடைக்கும், அதைப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர் ஒருவர்