ஏலகிரி வீட்டை நடத்தப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய நீள மெசேஜை அப்பா கண்ணாடியைத் தேடி எடுத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினார். ஏர்பிஎன்பி தளத்தில் விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடும் ஏலகிரி வீட்டை இனிமேல் டப்ளினிலிருந்து நீயே பார்த்துக்கொள்வதாகவும், நாங்கள் இரண்டு பேரும் வேலூரில் நிம்மதியாக இருக்கலாம் என்றும் எழுதியிருக்கிறாய். சந்தோஷம்தான். அப்பாவின் செக்கப், மருந்து என்று மாதா மாதம் மலையை இறங்கி ஏறி எங்களுக்கும் அலுத்துப்போச்சு. சத்துவாச்சாரி வீட்டில் குடியிருப்பவர்கள் காலி செய்ததும் சாமான்களை வண்டியில் ஏற்றிவிடுவோம். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

உன் திட்டத்தை நிதானமாகப் பார்த்தேன். கதவுக்கு நம்பர் பூட்டு, ஹாலில் கேமரா, வாடகையைக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்குவது, ஜோலார்பேட்டை ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து துடைத்துவிட்டுப் போவது. எல்லாம் இருக்கிறது. இத்தனை நாள் என்னோடு சேர்ந்து அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிலாவூர் அக்கா எங்கே என்று தேடினேன், காணோம்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். நம்பர் பூட்டு போட்டுக்கொள், நல்லதுதான். ராத்திரி 11 மணிக்கு வருகிறவர்களுக்காகக் கேட்டருகே உட்கார்ந்திருந்து கொசுக்கடி வாங்கியது போதும். வீட்டுக்குள் கேமரா கூடாது. ஏர்பிஎன்பியே 2024 ஏப்ரல் 30 முதல் உள்ளே கேமரா வைப்பதைத் தடை செய்துவிட்டது. வெளியே கேட்டைப் பார்த்த மாதிரி ஒன்று வைக்கலாம், அதையும் விளம்பரத்தில் எழுதிவிட வேண்டும். அவர்கள் தடை செய்யாவிட்டாலும் நான் விட்டிருக்க மாட்டேன். காசு கொடுத்துத் தங்க வந்தவள் நைட்டியோடு அடுப்படியில் நின்று காபி போடுவதை அயர்லாந்திலிருந்து ஒருவன் பார்ப்பதா? தானாக விலை போடும் வசதியை வைத்துக்கொள், ஆனால் குறைந்த விலை இவ்வளவு என்று கட்டாயம் குறித்துவிடு. இல்லாவிட்டால் மழை பெய்யும் செவ்வாய்க்கிழமைக்கு அது இறக்கும் விலையில் கீசர் கரண்ட் காசுகூடத் தேறாது.

கணக்கு என் பெயரிலேயே இருக்கட்டும். புதிதாக உன் பெயரில் தொடங்கினால் இத்தனை வருடம் சேர்ந்த விமர்சனங்கள் கூட வராது. உன்னைக் கோ-ஹோஸ்டாக, அதாவது கூட நடத்துபவனாகச் சேர்த்துவிடுகிறேன், மெசேஜ், காலண்டர், விலை எல்லாம் உன் பாடு. ஸ்டார் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. நான் வாத்தியார் வேலை பார்த்தவள், ஐந்துக்கு நாலு என்றால் எனக்கு 80 மார்க், நல்ல பிள்ளை. அங்கே அது ஃபெயில். நன்றாக நடத்துபவர்களுக்கு அவர்கள் கொடுக்கும் சூப்பர்ஹோஸ்ட் பட்டம் நிற்க 4.8 வேண்டும், கேட்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்காவது 24 மணி நேரத்துக்குள் பதில் போயிருக்க வேண்டும், நாமாக புக்கிங்கை ரத்து செய்வது நூற்றுக்கு ஒன்றைத் தொடக்கூடாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். பதில் போடுவதை உன்னால் அங்கிருந்தே செய்ய முடியும். 4.8 உன் கையில் இல்லை.

அது யார் கையில் இருக்கிறது என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை 11 மணிக்கு ஒரு குடும்பம் காலி செய்கிறது, 2 மணிக்கு அடுத்தவர்கள் வருகிறார்கள் என்று வை. அக்கா உள்ளே வந்ததும் துடைப்பத்தைத் தொட மாட்டார். முதலில் ஜன்னல் எல்லாவற்றையும் திறப்பார். அப்புறம் தலையணையை எடுத்து மோந்து பார்ப்பார். எண்ணெய் வாசனை, ஈர வாசனை, ஸ்ப்ரே வாசனை, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகச்சுளிப்பு வைத்திருக்கிறார். பிறகு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்ப்பார். சார்ஜர், ஒற்றைச் சாக்ஸ், குழந்தையின் பால்புட்டி எதாவது அங்கேதான் கிடக்கும். அதை எடுத்து டிவி மேல் வைத்தால்தான் எனக்குத் தெரியும், நான் அவர்களுக்கு மெசேஜ் போடுவேன். பெரும்பாலும் வாணியம்பாடி தாண்டியிருக்க மாட்டார்கள், திரும்பி வந்து வாங்கிப் போவார்கள். விமர்சனத்தில் "ரொம்ப அக்கறையான ஹோஸ்ட்" என்று என் பெயரைப் போட்டு எழுதுவார்கள். கட்டிலுக்கு அடியில் குனிந்தது நானா?

ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும் என்பது உனக்குத் தெரியும். பெங்களூர்க்காரர்கள் அதைப் போட்டோ எடுப்பார்கள். மெத்தைக்கு அது விஷம். இரண்டு நாள் பூட்டிக் கிடந்தால் போதும், பூஞ்சை நாற்றம் வந்துவிடும். வெயில் அரை மணி நேரம் தலைகாட்டினாலும் அக்கா மெத்தையை வராந்தாவுக்கு இழுத்து நிமிர்த்தி வைத்துவிடுவார், குரங்கு வராமல் அவர் வீட்டு அண்ணன் கம்போடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். புக்கிங் இல்லாத நாளில் இதற்கெல்லாம் எந்த ஏஜென்சி ஆள் மலையேறி வருவான்? அவனுக்கு ஒரு தடவைக்கு இவ்வளவு என்று கூலி. காலியாக இருக்கும் வீட்டுக்கு அவன் வரவே மாட்டான்.

அப்புறம் நேரம். இங்கே காலை ஏழு மணிக்கு கேஸ் தீர்ந்துவிட்டது, குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும் என்று ஒருத்தி மெசேஜ் போடுகிறாள். உனக்கு அப்போது ராத்திரி ஒன்றரை, வெயில் காலத்தில் இரண்டரை. நீ தூங்கிக்கொண்டிருப்பாய், தூங்கத்தான் வேண்டும். மோட்டார் ட்ரிப் ஆகி டேங்கில் தண்ணீர் இல்லை, இன்வெர்ட்டரில் கீசர் போட்டுவிட்டார்கள், பக்கத்துத் தோட்டத்துப் பலாப்பழத்தை ஒரு பையன் பறித்துவிட்டான், தோட்டக்காரர் கேட்டில் நின்று கத்துகிறார். இதற்கெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் வந்து நிற்க ஓர் ஆள் வேண்டும். வந்து நிற்பவர் சொன்னால் ஊரும் கேட்க வேண்டும். அக்கா சொன்னால் தோட்டக்காரர் கேட்பார். உன்னை அவர் சின்ன வயதில் பார்த்ததோடு சரி.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நல்லவர்கள்தான். பொன்னேரியில் ஏறத் தொடங்கி 14 கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சில் ஏறி வருகிறார்கள். வளைவுகளில் வைத்திருக்கும் புலவர்கள், வள்ளல்கள் பெயர்ப் பலகையை எல்லாம் எந்தப் பிள்ளை படித்தது? பின் சீட்டில் வாந்திதான். அதனால் போர்ட்டிகோவில் ஒரு பக்கெட் தண்ணீரும், பழைய துணியும், நறுக்கிய எலுமிச்சையும் எப்போதும் இருக்க வேண்டும். கார் கதவு திறந்ததும் அக்கா பிள்ளையின் முகத்தைக் கழுவிவிடுவார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்திருக்கிறாயா நீ? அதற்கப்புறம் குழாயில் தண்ணீர் மெல்ல வந்தால்கூட அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

பையன்கள் கூட்டமாக வந்தால் ராத்திரி பத்துக்கு மேல் ஸ்பீக்கர் கூடாது என்பதை வீட்டு விதிகளில் முதல் வரியாகப் போடு. ஆணும் பெண்ணுமாக வந்தால் கல்யாணம் ஆகிவிட்டதா என்று நான் கேட்பதில்லை, நீயும் கேட்காதே. பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையும் வாங்கிக்கொள், அது போதும். அப்பாவுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, அதைப் பெரிதுபடுத்தாதே. பெட்ஷீட் வெள்ளையிலேயே வாங்கு. மருமகள் பூப்போட்டது நன்றாக இருக்கும் என்கிறாள், போட்டோவுக்கு நன்றாகத்தான் இருக்கும். மருதாணிக் கறை பட்டால் வெள்ளையை பிளீச்சில் போட்டு எடுத்துவிடலாம், பூப்போட்டதைப் பழைய துணிக்குத்தான் போட வேண்டும்.

சட்டம், வரி எல்லாம் நீ பார்ப்பாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். சி ஃபார்ம் என்று சொல்கிறார்களே, அதுதான். அக்கா பாஸ்போர்ட்டையும் விசாவையும் போட்டோ எடுத்து அனுப்புவார், நீ உட்கார்ந்த இடத்திலேயே போட்டுவிடு. அறை வாடகை மேல் வரும் ஜிஎஸ்டியை நம் மாதிரிச் சின்ன ஆட்களிடம் கேட்பதில்லை, தளமே விருந்தாளியிடம் வாங்கிக் கட்டிவிடுகிறது. 7,500 ரூபாய் வரைக்கும் இருக்கும் அறைக்கு அது 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பரிலிருந்து 5 ஆகிவிட்டது. என் பான் நம்பர் அவர்களிடம் இருக்கிறது, அதை எடுத்துவிடாதே. பான் இல்லாவிட்டால் வரும் பணத்தில் 5 சதவீதத்தை டிடிஎஸ் என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்துவிடுவார்கள். முகவரியில் திருப்பத்தூர் மாவட்டம் என்று போடு. 2019இல் பிரித்துவிட்டார்கள், எனக்குத்தான் இன்னும் வாயில் வட ஆற்காடு வருகிறது.

இப்போது பணம். ஒரு வாரக் கடைசியின் கணக்கைப் பார். வெள்ளி, சனி இரண்டு இரவு, 3,500 வீதம் 7,000. சுத்தம் செய்யும் கட்டணம் 600. ஆக 7,600. தளம் நம்மிடம் எடுப்பது 3 சதவீதம், 228. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 41. கைக்கு வருவது 7,331. அதுவும் அவர்கள் வந்து இறங்கி ஒரு நாள் ஆன பிறகுதான் விடுவிப்பார்கள்.

இதில் 600 அப்படியே அக்காவுக்கு. விருந்தாளி அதைச் சுத்தம் செய்வதற்கென்று கொடுக்கிறார், அதில் நாம் கை வைப்பது நியாயமில்லை. மீதி 6,731இல் நூற்றுக்கு இருபது, அதாவது 1,346 ரூபாயும் அவருக்கே. இரண்டும் சேர்ந்து 1,946. இதுவரை நான் மாதச் சம்பளமும், பண்டிகைக்குப் புடவையும் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூடவே நானும் இருந்தேன், பாதி வேலையை நான் பார்த்தேன், அதனால் அது சரியாக இருந்தது. இனி நான் இல்லை. என் வேலையும் அவர் தலையில்தான் விழப்போகிறது. வீட்டை நடத்துகிறவருக்குச் சம்பளமா கொடுப்பது? பங்குதான். மாதச் சம்பளத்தைப் பாதியாக்கித் தொடர்ந்து கொடு, புக்கிங் இல்லாத ஆடி மாதத்திலும் மெத்தை காய வேண்டும் இல்லையா.

உனக்கு இது அதிகமாகத் தோன்றும். மலையில் யாரும் இப்படிக் கொடுப்பதில்லை என்று உன் மாமாவும் சொல்வார். அவர் ரிசார்ட்டுக்கு ஆள் நிற்காமல் ஓடுவதை அவரிடமே கேள். இந்த ஏர்பிஎன்பியைத் தொடங்கிய சான்பிரான்சிஸ்கோ பையன்கள் 2007இல் என்ன செய்தார்கள் தெரியுமா? ஊரில் மாநாடு, ஹோட்டல்களில் இடம் இல்லை. தங்கள் வீட்டு ஹாலில் மூன்று காற்று மெத்தையை விரித்து ஆட்களைப் படுக்க வைத்தார்கள், காலையில் சாப்பாடும் கொடுத்தார்கள். அவர்களும் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். நம் மத்தியச் சுற்றுலாத் துறை ஹோம்ஸ்டே என்று சான்று கொடுக்கவும் வீட்டுக்காரர் குடும்பம் அங்கே குடியிருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. நாங்களும் இறங்கிவிட்டால் அந்தச் சான்றுக்கு நாம் லாயக்கில்லை, அதனால் ஹோம்ஸ்டே என்று விளம்பரத்தில் போடாதே. மலை வீடு என்று போடு.

ஒரே நாளில் ஒருவர் போய் இன்னொருவர் வருவதையும் நிறுத்திவிடு. இரண்டு புக்கிங்குக்கு நடுவில் ஒரு ராத்திரி தானாக அடைபடும்படி செட்டிங் இருக்கிறது. மே மாதம் அதனால் கொஞ்சம் வருமானம் குறையும், குறையட்டும். அக்காவுக்கும் முட்டி வலி வந்துவிட்டது. அவர் பெண் திருப்பத்தூரில் காலேஜ் படிக்கிறாள், கெட்டிக்காரி, அவளையும் கோ-ஹோஸ்டாகச் சேர்த்துக் காலண்டர் தெரியும்படி வை. யார் வருகிறார்கள், எத்தனை குழந்தை, எத்தனை மணிக்கு என்று உன்னைக் கேட்காமலே அவர்களுக்குத் தெரியட்டும். பங்குப் பணத்தைத் தளத்திலேயே கோ-ஹோஸ்ட் கணக்குக்குப் பிரித்து அனுப்பும் வழி நமக்கு உண்டா என்று பார், இருந்து அதைப் போட்டுவிட்டால் நீ மறந்தாலும் போய்ச் சேரும்.

நான் அக்காவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீதான் பேச வேண்டும், வீடு உன் பொறுப்பு என்றால் பேச்சும் உன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், நம் நேரம் ஐந்து மணிக்கு மேல் கூப்பிடு. வாரக் கடைசியில் வேண்டாம், கையில் ஈரத் துணியோடு நிற்பார். முதலில் அண்ணன் உடம்பை விசாரி, பெண்ணின் படிப்பைக் கேள், பிறகு கணக்குக்கு வா. நூற்றுக்கு இருபது என்று சொன்னால் புரியாது என்று நினைக்காதே, சாமை மூட்டைக்கு விலை பேசுகிறவர் அவர். இருபத்தைந்து கேட்டாலும் கேட்பார். கேட்டால் கொடுத்துவிடு.

மோட்டார் மெக்கானிக், கேஸ்காரர், தண்ணீர் லாரிக்காரர் நம்பர்களை அப்பா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதைப் போட்டோ எடுத்துத் தனியாக அனுப்பச் சொல்கிறேன். கையெழுத்து புரியாவிட்டால் அவரையே கேள், என்னைக் கேட்காதே.

அன்புடன்,
அம்மா