சதுப்பு நிலத்தை ஒட்டிக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை மாற்ற அனுமதிக்காதீர்கள்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், சென்னை.
அனுப்புநர்: பள்ளிக்கரணையில் குடியிருப்போர்.

ஐயா, வணக்கம்.

எங்கள் தெருவுக்கு அடுத்துள்ள ஓர் அடுக்குமாடி வளாகத்தில், முன்வாசல் பக்கம் இருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தை (எஸ்.டி.பி.) பின்சுவர் ஓரத்துக்கு மாற்ற ஏற்பாடு நடக்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். இதற்கு அனுமதி கொடுக்க வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மனு.

அங்கே குடியிருப்பவர்கள் நாற்றத்தில் தவிப்பது உண்மை, அவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் காற்று செலுத்தும் புளோயர் சரியாக ஓடி, சகதியை நாள் தவறாமல் எடுத்தாலே நாற்றம் பெருமளவு அடங்கிவிடும். பராமரிக்காத தொட்டியை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் நாறத்தான் செய்யும்.

எங்கள் பயமெல்லாம் மழைக்காலம்தான். 2015லும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இந்தப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று உங்களுக்குத் தெரியும். தென்சென்னை ஏரிகளின் உபரிநீர் இந்தச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்குப் போக வேண்டும். அப்படி நிரம்பி நிற்கும்போது கரண்ட் போய், மோட்டார் நின்று, தாழ்வான மூலையில் இருக்கும் தொட்டி பொங்கினால் சில நூறு வீடுகளின் மலக்கழிவு நேராகச் சதுப்பில் கலக்கும், அதே தண்ணீர் எதிர்த்துத் திரும்பி எங்கள் வீட்டுக்குள்ளும் வரும். முழங்கால் தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் நாங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகும் சேதம் நிற்காது. கழிவிலுள்ள சத்தைத் தின்று ஆகாயத்தாமரை மண்டும், நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும், அப்புறம் பூநாரைக்கும் நீலத் தாழைக்கோழிக்கும் அங்கே என்ன இருக்கும்? பெருங்குடிக் குப்பைமேடும் கட்டடங்களும் தின்றதுபோக மிஞ்சிய நிலம் இது. 2022இல் ராம்சார் தளமாக (சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலமாக) அறிவிக்கப்பட்டது ஏறத்தாழ 1,248 ஹெக்டேர்தான்.

2017ஆம் ஆண்டு சதுப்பு நில விதிகளே சுத்திகரிக்காத கழிவைச் சதுப்பில் விடத் தடை விதிக்கின்றன, கடந்த பத்தாண்டு வெள்ள மட்டத்தின் சராசரியிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானமும் கூடாது என்கின்றன. சின்னத் தொட்டிதானே என்று யாராவது சொல்லலாம். இன்றைக்கு ஒரு வளாகத்துக்கு விட்டுக்கொடுத்தால், சதுப்பை ஒட்டிய ஒவ்வொரு வளாகமும் தன் கழிவுநீர்த் தொட்டியைப் பின்சுவருக்குத் தள்ளும்.

ஆகவே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வனத்துறை, வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து நேரில் வந்து, சுவருக்கும் சதுப்புக்கும் உள்ள தூரத்தை எங்கள் முன்னிலையில் அளக்க உத்தரவிடுங்கள். அதுவரை அங்கே ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. இருக்கும் நிலையத்தை இருக்கும் இடத்திலேயே பழுதுபார்க்கச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இதைச் செய்து தர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பள்ளிக்கரணை குடியிருப்போர்